விட்ட பிறகு வரும் வாரங்கள்: ஓபியாய்டு சிகிச்சையில் உயிர் போகும் இடம்

ஹெராயினுக்கு அடிமையான 40 பேரை வைத்து ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. 20 பேருக்கு, ஹெராயின் ஆசையை அடக்கும் பியூப்ரினார்ஃபின் என்ற மருந்தைத் தினமும் 16 மில்லிகிராம், ஒரு வருடம் முழுக்கக் கொடுத்தார்கள். மற்ற 20 பேருக்கு ஆறே நாளில் அதே மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, அதன்பின் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. இரு தரப்புக்கும் ஆலோசனை, குழுக் கூட்டம், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் ஒன்றுபோலவே நடந்தன. வருடக் கடைசியில் மருந்து எடுத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் சிகிச்சையில் இருந்தார்கள். வெறும் மாத்திரைக் குழுவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த 20 பேரில் 4 பேர் செத்தே போயிருந்தார்கள்.

40 பேர் சின்ன எண்ணிக்கைதான். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 1,000 பேரை ஒரு வருடம் கவனித்தால், இதே வேலைக்கான இன்னொரு மருந்தான மெதடோன் எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் சுமார் 11 பேர் இறக்கிறார்கள். மருந்திலிருந்து விலகிவிட்ட காலத்தில் 36 பேர். பியூப்ரினார்ஃபினுக்கு இதே கணக்கு சுமார் 4, விலகினால் 9-க்கு மேல். இவ்வளவு தெளிவான பலன் தரும் மருந்து மனநல மருத்துவத்தில் அதிகம் கிடையாது. அப்படியிருந்தும் உலகத்தில் பாதி இடங்களில் சிகிச்சை என்றால் இன்னும் "பத்து நாள் உள்ளே வைத்துச் சுத்தம் செய்து அனுப்புவது" என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

ஓபியாய்டு என்பது அபினியிலிருந்து வரும் மார்ஃபின், அதன் வழியில் வந்த ஹெராயின், ஆக்ஸிகோடோன், முழுக்க ஆய்வகத்தில் தயாராகும் ஃபென்டனில், நம் ஊர் மருந்துக் கடைகளில் இருக்கும் ட்ரமடால், டபென்டடால் என்று நீளும் ஒரு குடும்பம். எல்லாமே மூளையில் ஒரே பூட்டில் போய் உட்காரும் சாவிகள். அந்தப் பூட்டு வலியைக் குறைக்கும், சுகம் தரும், கூடவே மூச்சு விடச் சொல்லும் கட்டளையையும் மந்தமாக்கும். ஓபியாய்டால் சாகிறவர் மூச்சு நின்றுதான் சாகிறார்.

தினமும் எடுப்பவரின் உடம்பு அந்த அளவுக்குப் பழகிப்போகும். முதல் நாள் ஒருவரைக் கொன்றிருக்கக்கூடிய அளவை ஆறு மாதம் கழித்து அவர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி வேகமாக இறங்கும். ஓரிரு வாரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். ஆசை மட்டும் அந்த வேகத்தில் இறங்குவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். அந்த நிலையில் வெளியே வந்து, கை பழகிய பழைய அளவையே எடுக்கிறார்கள். கை மறக்கவில்லை, மூச்சுக்குத் தாங்கவில்லை.

லண்டனில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்ற 137 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 37 பேர் சிகிச்சையை முழுசாக முடித்துத் தாங்கும் சக்தியை இழந்து வெளியே வந்தவர்கள். அடுத்த ஒரு வருடத்துக்குள் அளவு மீறி இறந்த 3 பேரும் இந்த 37 பேருக்குள்தான் இருந்தார்கள். பாதியில் ஓடிப்போனவர்களில் அப்படி யாரும் சாகவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் வந்த ஆய்வு இன்னும் கொடுமையானது: வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறி இறக்கும் ஆபத்து, அந்த மாநிலத்தின் மற்றவர்களோடு ஒப்பிட்டால் 129 மடங்கு.

அமெரிக்கா இந்த இடத்துக்கு வந்த கதையைப் பலரும் எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996-ல் பர்டியூ மருந்து நிறுவனம் ஆக்ஸிகோடோன் அடங்கிய ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மெதுவாகக் கரைவதால் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்து குறையும் என்று நம்பப்படுவதாக அதன் குறிப்புத்தாளிலேயே இருந்தது. 1980-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஐந்து வரிக் கடிதத்தை, ஓபியாய்டு யாரையும் அடிமையாக்காது என்பதற்கு ஆதாரமாக ஆளாளுக்கு மேற்கோள் காட்டினார்கள். 2012-ல் அந்த நாட்டில் ஒரே வருடத்தில் எழுதப்பட்ட ஓபியாய்டு மருந்துச் சீட்டுகள் 25 கோடிக்கும் மேல். அதற்குள் கடிவாளம் இறுகவும் தொடங்கியிருந்தது. 2010-ல் ஆக்ஸிகான்டினை எளிதில் நசுக்க முடியாதபடி மாற்றினார்கள்; மாத்திரை கிடைக்காதவர்கள் ஹெராயினுக்குப் போனார்கள். 2013 வாக்கில் ஹெராயினுக்குள் ஃபென்டனில் புகுந்தது. அது மார்ஃபினைவிடச் சுமார் 100 மடங்கு வீரியம் உள்ளது. 2022-ல் எல்லாப் போதைப்பொருட்களாலும் சேர்த்து இறந்தவர்கள் 1,08,000 பேருக்கு அருகில். 2024-ல் அது சுமார் 80,000 ஆகக் குறைந்தது. அது இன்னும் பயங்கரமான எண்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழங்கலை மட்டும் இறுக்கிவிட்டு, ஏற்கெனவே அடிமையானவருக்குச் சிகிச்சையைத் திறந்துவிடாமல் இருந்தால், அவர் அடுத்த கடைக்குப் போவார். அந்தக் கடையில் இருப்பது முந்தையதைவிட மோசமானது.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1995 முதல் சாதாரணக் குடும்ப மருத்துவரே பியூப்ரினார்ஃபின் எழுதிக் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். தனிப் பயிற்சி, தனி உரிமம் எதுவும் கேட்கவில்லை. 1999-க்குள் ஹெராயின் அளவு மீறிய சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. அமெரிக்காவோ அதே மருந்தை எழுத மருத்துவருக்கு எட்டு மணி நேரப் பயிற்சி, தனி அனுமதி எண், முதல் வருடம் 30 நோயாளிக்கு மேல் கூடாது என்றெல்லாம் வேலி போட்டது. வலிக்கு ஆக்ஸிகோடோன் எழுத அப்படி எந்த வேலியும் இல்லை. அந்த அனுமதி முறையை 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம்தான் ஒழித்தது. இருபது வருடத்துக்கு மேல் வீணாகப் போனது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இனி மருந்துகளுக்கு வருவோம்.

பியூப்ரினார்ஃபின் அந்தப் பூட்டைப் பாதி மட்டும் திறக்கும் சாவி. வித்டிராயல் வேதனையை, அதாவது போதை நின்றதும் உடம்பு படும் பாட்டை, நிறுத்தும், ஆசையை அடக்கும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் மூச்சு மந்தமாவது அதற்கேற்ப ஏறாது. மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. இரண்டாவது குணம், அது பூட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே அங்கே ஹெராயின் உட்கார்ந்திருந்தால் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும்.

இந்த இரண்டாவது குணத்தால்தான் ஆரம்பிக்கும் நாளில் தவறு நடக்கிறது. முழுதாகத் திறந்திருந்த பூட்டு திடீரென்று பாதியாகிறது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி, நடுக்கம், உடம்பெல்லாம் வலி எல்லாம் ஒரே மூச்சில் தாக்கும். அந்த அனுபவம் கண்ட நோயாளி "இந்த மருந்து எனக்கு ஆகாது" என்று போய்விடுவார், திரும்ப வரமாட்டார். அதனால் உண்மையான வித்டிராயல் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஹெராயின் போன்றவற்றுக்குக் கடைசியாக எடுத்ததிலிருந்து குறைந்தது 12 மணி நேரம். மெதடோனுக்கு 36 முதல் 72 மணி நேரம். கடிகாரத்தைவிட உடம்பை நம்புவது நல்லது. நாடித் துடிப்பு, வியர்வை, கண்பாவை விரிவு, கொட்டாவி, மூக்கொழுகல், கைநடுக்கம், மயிர்க்கூச்செறிதல் என்று 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் அட்டவணை ஒன்று உண்டு. அதில் 8-லிருந்து 12-ஆவது வந்த பிறகே முதல் மாத்திரை. பாவை விரிந்து, கை மயிர் சிலிர்த்து நிற்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தால் நம்பிக் கொடுக்கலாம். "ரொம்ப முடியலை" என்ற வாய்ச்சொல்லை மட்டும் வைத்து அவசரப்படக் கூடாது.

முதலில் 2 அல்லது 4 மில்லிகிராம். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து இன்னும் கொஞ்சம். முதல் நாள் வழக்கமாக 8 வரை, தேவைப்பட்டால் அதற்கு மேலும். சில நாட்களில் பலருக்கு 16-ல் நிற்கும். சிலருக்கு 24 தேவைப்படும். 4 மில்லிகிராமில் நிறுத்திவைத்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்வது அடிக்கடி நடக்கும் தப்பு. ஆசை அடங்காத அளவு, போதாத அளவு.

மாத்திரையை நாக்கின் அடியில் வைக்க வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி ஈரலிலேயே அழிந்துபோகும். வாய் உலர்ந்திருந்தால் முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டும். முழுக்கக் கரையும்வரை, ஐந்து முதல் பத்து நிமிடம், பேச்சும் எச்சில் விழுங்கலும் கூடாது. கரைந்த பிறகு தண்ணீரால் வாய் கொப்பளித்து விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். இந்த மருந்தால் பல் சொத்தையாகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் எச்சரித்தது. பல மாத்திரைகளில் ஓபியாய்டை முறிக்கும் நலோக்ஸோனும் நான்கில் ஒரு பங்கு சேர்ந்திருக்கும். நாக்கின் அடியில் அது சரியாக ஏறாது. கரைத்து ஊசி போட்டால் வித்டிராயலைக் கிளப்பும். ஊசிக்குப் போகாமல் தடுக்கத்தான் அந்தச் சேர்க்கை.

ஃபென்டனில் வந்த பிறகு இந்தக் கணக்குகள் கொஞ்சம் ஆட்டம் கண்டன. அது கொழுப்பில் போய்ச் சேர்ந்து மெல்ல மெல்லக் கசியும். 24 மணி நேரம் காத்திருந்தும் சிலருக்கு அந்தத் திடீர்த் தாக்குதல் வந்தது. அதற்கு ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்திலிருந்து ஒரு வழி வந்தது: பழைய போதையை நிறுத்தச் சொல்லாமலே 0.2 மில்லிகிராம் மாதிரி மிகச் சின்ன அளவில் ஆரம்பித்து, ஒரு வாரம் பத்து நாளில் அளவைக் கூட்டி, பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கைமாறிய பிறகு பழையதை நிறுத்துவது. பொறுமை வேண்டும், ஆனால் வேதனை குறைவு.

மெதடோன் முழுச் சாவி. நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் இருவரும் 1960-களில் ஆரம்பித்துவைத்த சிகிச்சை. பியூப்ரினார்ஃபினில் நிற்காதவர்களைக்கூட இது பிடித்து நிறுத்தும். ஆபத்து முதல் இரண்டு வாரத்தில் இருக்கிறது. உடம்பிலிருந்து பாதி போகவே சராசரியாக ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்கூட ஆகும். அதனால் திங்கள்கிழமை கொடுத்ததன் மிச்சம் இருக்கும்போதே செவ்வாய்க்கிழமை அளவு மேலே ஏறும். அளவைக் கூட்டாமலே ஐந்தாம் நாள் ரத்தத்தில் இருப்பது முதல் நாளைவிட மிக அதிகமாக இருக்கும். ஆரம்பம் 20 முதல் 30 மில்லிகிராம், பிறகு சில நாளுக்கு ஒருமுறை 5 அல்லது 10 கூட்டுவது, பலருக்கு 60-லிருந்து 120-க்குள் நிலைப்பது என்ற வழக்கம் இந்தக் காரணத்தால் வந்தது. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தையும் இது நீட்டிக்கும் என்பதால் ஈ.சி.ஜி. எடுப்பது நல்லது.

மூன்றாவது நால்ட்ரெக்ஸோன், பூட்டை அடைத்துவிடும் மருந்து. போதையே இல்லாத மருந்து என்பதால் நீதிபதிகளுக்கும் பெற்றோருக்கும் இதன்மேல் ஒரு பிரியம் உண்டு. ஆனால் ஆரம்பிக்க ஏழு முதல் பத்து நாள் எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருக்க வேண்டும். 2018-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் நால்ட்ரெக்ஸோன் ஊசிக்குத் தேர்வானவர்களில் 28 சதவீதம் பேரால் ஆரம்பிக்கவே முடியவில்லை. பியூப்ரினார்ஃபினில் அப்படி ஆனவர்கள் 6 சதவீதம்தான். நால்ட்ரெக்ஸோனை நிறுத்தினவருக்குத் தாங்கும் சக்தி துளியும் மிஞ்சியிருக்காது. விருப்பத்தோடு எடுக்கும் சிலருக்கு உதவும். எல்லாருக்கும் முதல் மருந்தாக இதைத் திணிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

"ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைக் கொடுக்கிறீர்களே" என்ற கேள்வி எப்போதும் வரும். சரியான அளவில் இருப்பவர் போதையில் இருப்பதில்லை. காலையில் ஒரு மாத்திரை, பிறகு ஆட்டோ ஓட்டுகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார். நாலு மணி நேரத்துக்கொருமுறை அடுத்த பொட்டலத்துக்கு அலைவது நிற்கிறது, ஊசி நிற்கிறது, அதோடு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரவுவதும் குறைகிறது. எவ்வளவு நாள் என்றால், ஒரு வருடத்துக்குக் குறையாமல். பலருக்கு இன்னும் நீண்ட காலம். நிறுத்த விரும்பினால் மாதக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும்.

சிறைக்குள்ளேயே இந்த மருந்துகளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் காட்டியது. 2016-ல் சிறையில் மூன்று மருந்துகளையும் தொடங்கி, விடுதலையான பிறகும் தொடர ஏற்பாடு செய்தார்கள். சிறையிலிருந்து வந்து அளவு மீறி இறந்தவர்கள் 2016-ன் முதல் ஆறு மாதத்தில் 26 பேர். 2017-ன் அதே ஆறு மாதத்தில் 9 பேர்.

இப்போது ஒருவர் கண்ணெதிரே விழுந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கதவு சாத்திய குளியலறை, இல்லை மொட்டை மாடி. தொண்டையில் களகளவென்று ஒரு குறட்டைச் சத்தம் வரும். "அசந்து தூங்குறான்" என்று வீட்டார் கதவை மூடிவிட்டுப் போவது இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். அது தூக்கம் அல்ல, மூச்சுப் பாதை அடைபடும் சத்தம். உதடு நீலமாகும் என்று புத்தகத்தில் இருக்கும். நம் மாநிறத்தில் நீலம் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கீழுதட்டை மடக்கி உள்பக்கம் பாருங்கள், நகத்தடியைப் பாருங்கள். இமையைத் தூக்கினால் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். பெயர் சொல்லிக் கத்துங்கள், நெஞ்செலும்பின் நடுவில் விரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழவில்லை என்றால் 108-க்கு அழைத்து "மூச்சு விடவில்லை" என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள்.

தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு வாய்வழியே ஊதுங்கள். ஒவ்வொரு தடவையும் மார்பு மேலெழ வேண்டும். நாடியே இல்லை என்றால் மார்பை அழுத்தும் முதலுதவி. ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்துவைப்பது இந்த மூச்சுதான். முகத்தில் தண்ணீர் அடிப்பது, மோர் புகட்டுவது, எழுப்பி நடக்கவைப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். புகட்டியது நுரையீரலுக்குள் போகும்.

நலோக்ஸோன் என்பது பூட்டிலிருந்து ஓபியாய்டைத் தள்ளிவிடும் மாற்று மருந்து. இந்திய மருத்துவமனைகளில் 0.4 மில்லிகிராம் ஊசியாக இருக்கிறது. அமெரிக்காவில் 4 மில்லிகிராம் மூக்கு ஸ்பிரேயைச் சீட்டில்லாமல் விற்க 2023 மார்ச்சில் அனுமதித்தார்கள். அந்த ஸ்பிரேயில் ஒரே ஒரு தடவைக்கான மருந்துதான் இருக்கும். வேலை செய்கிறதா என்று காற்றில் ஒருமுறை அழுத்திப் பார்த்தால் போச்சு, அவ்வளவுதான். முனை முழுக்க ஒரு மூக்குத் துளைக்குள் போய், விரல்கள் மூக்கைத் தொட்ட பிறகே அழுத்த வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லை என்றால் இரண்டாவது, அடுத்த துளையில்.

நோக்கம் மூச்சு திரும்புவது. ஆள் எழுந்து உட்கார்ந்து பேச வேண்டியதில்லை. அதிகம் கொடுத்தால் வித்டிராயல் தாக்கும், எழுந்தவர் ஆத்திரத்தில் வெளியே ஓடுவார். 8 மில்லிகிராம் ஸ்பிரேயை நியூயார்க் மாநிலக் காவல்துறையினர் பயன்படுத்திப் பார்த்ததில், 4 மில்லிகிராமைவிடக் கூடுதலாக யாரும் பிழைக்கவில்லை, வாந்தியும் வேதனையும்தான் கூடின. இன்னொன்று: நலோக்ஸோன் 30 முதல் 90 நிமிடம்தான் வேலை செய்யும். மெதடோன் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். விழித்தவர் மறுபடி மயங்கலாம், ஆகவே தனியே விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, கன்னத்தடியில் கை கொடுத்துக் காத்திருங்கள்.

நம் பக்கத்துக்கு வந்தால், தமிழ்நாட்டில் இப்போது பரவலாகப் பிடிபடும் ஓபியாய்டுகளில் ஒன்று டபென்டடால் வலி மாத்திரை. பையன்கள் அதைத் தண்ணீரிலோ சலைனிலோ கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்த்த பொடி கரையாது. அது ரத்தக்குழாயை அடைக்கும். கை வீங்கிச் சீழ் பிடிக்கும். கிருமி இதய வால்வில் போய் உட்காரும். அந்தப் பிள்ளையை ஓபியாய்டு நோயாளியாகவே பார்க்க வேண்டும். குடிநோயாளிகளுக்கான முகாமில் சேர்த்துவிட்டால் மேலே சொன்ன மருந்து எதுவும் அவனுக்குக் கிடைக்காது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்காக நடத்தும் மையங்களில் பியூப்ரினார்ஃபின் இலவசம். மாத்திரையை நொறுக்கி நாக்கின் அடியில் கொட்டி, கரையும்வரை செவிலியர் எதிரே நின்று பார்ப்பார். தினமும் போக வேண்டும் என்பதுதான் சிரமம். கூலி வேலைக்குப் போகிறவர் காலை வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. நிலைத்துவிட்டவருக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வசதி பரவலாக வேண்டும்.

பயத்தில் எல்லா ஓபியாய்டையும் பூட்டி வைப்பதும் இந்தியா செய்து பார்த்த தப்பு. 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வைத்திருக்கவே மருத்துவமனைகள் பயந்தன. புற்றுநோயாளிகள் வலியில் கதறிச் செத்தார்கள். 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளத்தின் வலி நிவாரண மையங்கள் பல வருடமாக மார்ஃபினைக் கணக்கு வைத்துக் கொடுத்து வருகின்றன. வலிக்கு மார்ஃபின் கொடுப்பதும் அடிமையானவருக்குப் பியூப்ரினார்ஃபின் கொடுப்பதும் ஒரே மருத்துவத்தின் இரண்டு வேலைகள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ தம்பியோ மறுவாழ்வு மையத்திலிருந்து வரும் நாளில் கேட்க வேண்டியவை சில. உள்ளே என்ன மருந்து கொடுத்தார்கள், அது வெளியே எங்கே தொடரும், அடுத்த மாத்திரை எந்தத் தேதிக்கு, கையில் எத்தனை நாளுக்கு இருக்கிறது. "மருந்தெல்லாம் நிறுத்தியாச்சு" என்று சொன்னால் அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போய்ப் பியூப்ரினார்ஃபின் பற்றிக் கேளுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "பழைய அளவு இனி உன் உடம்புக்கு ஆகாது. தவறிப்போய் எடுத்தாலும் தனியா இருக்கும்போது எடுக்காதே, என்கிட்ட சொல்லு, நான் திட்டமாட்டேன்." குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க முடிகிற மாதிரி மாற்றிவையுங்கள்.